மாதத்துக்கு இரண்டு இரவு

ஆக்டன்ஷா ஊர்க்காரர்கள் நலம் விசாரிப்பதில் கெட்டிக்காரர்கள். பதிலைக் காதில் வாங்குவதில்தான் அவ்வளவு சாமர்த்தியம் போதாது. மழையில் குடை திருப்பிக்கொண்டு, பஸ்ஸையும் விட்டுவிட்டு, தலையிலிருந்து நீர் சொட்ட நிற்பவனைப் பார்த்து "என்னப்பா, சௌக்கியமா?" என்பார்கள். அவனும் "ஏதோ போகுது, உங்களுக்கு?" என்பான். அதோடு முடிந்தது. கூட ஒரு வார்த்தை சொன்னால் அவன் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம்.

லொரெய்ன் ஆஷ்வொர்த் அப்படிப்பட்ட வளர்ப்பில் வந்தவள். அவள் அம்மா ஐவி ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சை இழுத்துக்கொண்டு கிடந்தபோது டாக்டர் வந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். "எனக்கென்ன டாக்டர், சமாளிச்சுக்குவேன். நீங்கதான் இளைச்சாப்ல தெரியறீங்க" என்றாள் ஐவி. அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்தாள். அடக்கம் முடிந்து சாண்ட்விச்சும் தேநீருமாக உட்கார்ந்திருந்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், பெருமையாக. ஐவி மகளுக்கு விட்டுப்போன சொத்து அந்தப் பெருமை ஒன்றுதான். அது இல்லாமலே போயிருக்கலாம்.

லொரெய்னுக்கு வயது நாற்பத்தெட்டு. ஸ்டேஷன் தெரு பேக்கரியில் காலை வேளையில் கவுன்டரில் நிற்பாள். வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்குக் "கண்ணு"தான். எண்பது வயதுக் கிழவரும் கண்ணு, வாசலில் கார் நிறுத்தியதற்கு அபராதம் எழுத வருகிறவனும் கண்ணு. முழுக்கைச் சட்டை இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. வருஷத்தில் வெயில் அடிக்கிற நாலு நாளிலும் முழுக்கைதான். குளிர் தாங்காத உடம்பு போலிருக்கிறது என்று முதலாளி நினைத்திருந்தார். சட்டைக் கைக்குள் இருந்தவை பல் பதிந்த தழும்புகள்.

கடித்தது அவள் மகன் ரோரி. பன்னிரண்டு வயது, அதற்குள் அம்மாவின் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டான். பேச்சு வராது. பசித்தாலும் வயிறு வலித்தாலும் பயந்தாலும் அவனுக்குத் தெரிந்த ஒரே பாஷை பல். கோபத்தில் கடிக்கிறவன் இல்லை. கடித்து முடித்ததும் அந்த இடத்தைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்ப்பான். அந்தத் தேய்ப்பைத்தான் அவளால் தாங்க முடியாது. ராத்திரியில் இரண்டு மணி நேரம் அவன் சேர்ந்தாற்போல் தூங்கினால் வீட்டில் திருவிழா. மற்ற நேரமெல்லாம் மாடிப்படியில் ஏறி இறங்குவான், சுவரில் தலையை மோதுவான், தெருக்கதவைத் திறந்து ரோட்டுக்கு ஓடப் பார்ப்பான். கதவில் மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் ஒன்று என்று தாழ்ப்பாள். புருஷன் கிளைவுக்கு பிஸ்கட் ஃபாக்டரியில் இரவு ஷிஃப்ட். காலையில் அவன் வந்து காவலை ஏற்றுக்கொண்டால் இவள் பேக்கரிக்கு ஓட வேண்டும். இருவரும் நிலைப்படியில் உரசிக்கொண்டு போவதுதான் அன்றைய குடித்தனம்.

உலகத்தில் ரோரிக்குப் பிடித்த வஸ்து வாஷிங் மெஷின். அது ஓட ஆரம்பித்தால் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடிக்குள் துணி புரளுவதைப் பார்த்துக்கொண்டு தானும் கூடவே முனகுவான். அந்த நேரம் அவன் முனிவன். ஆனால் முனிவருக்கும் அளவு உண்டு. ஒரு தடவை ஓட்டினால் பலிக்கும். உடனே இரண்டாம் தடவை ஓட்டினால் சலித்துப்போய் மெஷினையே உதைப்பான். அதனால் அந்த ஒரு ஓட்டத்தை லொரெய்ன், கஞ்சன் காசை எடுக்கிற மாதிரி, யோசித்து யோசித்துத்தான் எடுப்பாள்.

இந்தக் குடும்பத்தை மூச்சோடு வைத்திருந்தது லார்ச்வுட். ஊரின் வடக்குக் கோடியில் தோட்டத்தோடு கூடிய ஒரு செங்கல் வீடு. ரோரி மாதிரிப் பிள்ளைகளை இரண்டு இரவு வைத்துப் பார்த்துக்கொண்டு, பெற்றவர்களுக்கு ஓய்வு கொடுக்கிற இடம். செலவு கவுன்சிலுடையது, அதாவது ஊர் நகராட்சியுடையது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அதன் வேன் தெருமுனையில் திரும்பும்போதே ரோரிக்குத் தெரிந்துவிடும். தன் நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொள்வான். அந்தப் பையை வேறு யாரும் தொடக் கூடாது. லார்ச்வுட் போனதும், அங்கே கரும்பச்சைச் சட்டை போட்டிருக்கும் பெர்னியிடம் தானே நீட்டுவான். பெர்னி அதிலிருந்து இரவு உடுப்பை எடுத்து, "வாங்க மகாராஜா, உங்க ரூம் ரெடி" என்பாள். அதற்கப்புறம்தான் கோட்டைக் கழற்றுவான். அங்கே இரவெல்லாம் விழித்திருக்கச் சம்பளத்துக்கு ஆள் இருந்தது.

"அந்த ரெண்டு நாள் நீங்க ரெண்டு பேரும் எங்க போவீங்க?" என்று பேக்கரியில் கேட்பார்கள். லண்டனா, கடற்கரையா என்று அவர்களாகவே ஆசைப்படுவார்கள்.

"தூங்குவோம் கண்ணு" என்பாள் லொரெய்ன். ஜோக் என்று சிரிப்பார்கள். அவர்கள் உண்மையிலேயே தூங்கினார்கள். அந்த வார இறுதிக்கென்று கிளைவ் விடுப்பு எடுத்துவிடுவான். வேன் போனதும் உடுப்பு மாற்றாமல்கூட விழுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து கிளைவ் பன்றிக்கறி வறுத்து ரொட்டியில் வைத்துக் கொண்டுவருவான். அதைத் தின்றுகொண்டே ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். தங்களுக்குக் கல்யாணம் ஆன விஷயம் அப்போதுதான் ஞாபகம் வரும்.

அந்த வருஷம் கவுன்சிலில் பணம் இல்லை என்றார்கள். நூலகத்தைப் பாதி நாள் பூட்டினார்கள், நீச்சல் குளத்தை முழுசாகப் பூட்டினார்கள். பிறகு பார்வை லார்ச்வுட் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு குடும்பத்தையும் வீட்டுக்கே வந்து பார்த்து, யாருக்கு உண்மையிலேயே தேவை என்று புதிதாகத் தீர்மானிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. சேதி சொன்னவள் டெனீஸ். அவள் மகளும் லார்ச்வுட் போகிறவள்தான். டெனீஸ் வாய்க்காரி. கவுன்சில் ஆபீஸில் அவள் குரல் கேட்டாலே சிலர் கழிப்பறைக்குள் ஒளிந்துகொள்வார்கள் என்று பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த இடத்தில் லொரெய்னை ஓரம்கட்டினாள் டெனீஸ்.

"சொல்றதக் கேளு. அவங்க வர்ற அன்னைக்கு வீட்டக் கூட்டாத."

"அதெப்படி டெனீஸ், வெளியாளு வர்றாங்க..."

"வெளியாளு இல்லடி, தராசு தூக்கிட்டு வர்றாங்க. கூட்டாத. பாத்திரம் அப்படியே கெடக்கட்டும். அரைக்கைச் சட்டை போடு. கடிச்ச தழும்பு தெரியணும். எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, செத்துக்கிட்டு இருக்கோம்னு சொல்லு. அழுகை வந்தா அடக்காத. வரலன்னா வெங்காயம் உரி."

லொரெய்ன் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காத. நீ இப்படி சிரிச்சுத்தான் கெடப்போற" என்றாள் டெனீஸ். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது அவள் வேதம். தன் மகளுக்குக் கிடைத்த ஒவ்வொன்றையும் அழுதும் கத்தியும் வாங்கினவள் அவள். லொரெய்னும் தலையாட்டினாள். உண்மையாகவேதான் ஆட்டினாள். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கவுன்சில் பெண் வருவதற்கு முந்தின நாள், கிளைவ் பெயின்ட் டப்பாவோடு வந்தான். ரோரி மண்டையால் மோதி மோதிச் சுவர் பள்ளமாகிப் போன இடத்தைப் பூசி, மேலே வெள்ளையடித்தான்.

"வீட்டக் கூட்டக்கூட வேண்டாம்னு டெனீஸ் சொன்னாளே" என்றாள் லொரெய்ன்.

"டெனீஸ் சொல்லுவா. நம்ம வீட்டுச் சுவத்தப் பாத்துட்டு ஒருத்தி போய் ஆபீஸ்ல பேசணுமா? ஏதோ பன்னி வளக்கறோம்னு நெனைக்க மாட்டா?"

ஆனால் அவன் வெள்ளையடிக்கும்போதே அவள் கை தானாகப் படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தது. பிறகு குளியலறையைத் துடைத்தது. மறுநாள் காலையில் அதே கை எலுமிச்சை கேக் ஒன்றைச் சுட்டு வைத்தது. வீட்டுக்கு ஆள் வரும்போது கேக் இல்லாமல் இருப்பதா? ஐவி குழியிலிருந்து எழுந்து வந்துவிடுவாள்.

மணி அடித்தபோது லொரெய்ன் அரைக்கைச் சட்டையில்தான் இருந்தாள். அதைச் சொல்லியாக வேண்டும், அந்த மட்டும் டெனீஸின் பேச்சைக் கேட்டாள். ஆனால் மணிச் சத்தத்துக்கும் கதவுக்கும் நடுவில் கொக்கியில் தொங்கிய ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டுவிட்டாள். போகிற போக்கில் வாஷிங் மெஷினையும் தட்டிவிட்டாள். விருந்தாளி இருக்கும்போது பிள்ளை அமைதியாக இருக்கட்டும் என்றுதான். வேறு எதுவும் அவள் மனத்தில் இல்லை.

வந்தவள் ஹானா பிக்கர்ஸ்கில். வேலைக்குப் புதுசு, மழையில் நனைந்த முடி, நல்ல முகம். அவளைக் கெட்டவள் என்று சொல்ல இந்தக் கதையில் இடமில்லை. இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம்.

"அடடா, வீடு எவ்வளவு அழகா வச்சிருக்கீங்க" என்றாள் ஹானா.

"இன்னைக்கு ஏதோ கெடக்கு கண்ணு. உக்காருங்க. பால் எவ்வளவு விடட்டும்?"

ரோரி மெஷின் முன்னால் சம்மணமிட்டு முனகிக்கொண்டிருந்தான். ஹானா அவன் பக்கத்தில் குந்தி, கொஞ்ச நேரம் அவளும் துணி சுற்றுவதைப் பார்த்தாள். "எவ்வளவு சாந்தமா இருக்கான்" என்றாள்.

"அது மெஷின் ஓடறதால..." என்று ஆரம்பித்தாள் லொரெய்ன். "மெஷின்னா அவனுக்கு ரொம்ப இஷ்டம்" என்று முடித்தாள்.

ஹானா ராத்திரித் தூக்கத்தைப் பற்றிக் கேட்டாள். கிளைவ் முந்திக்கொண்டான். "கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். எல்லா வீட்லயும் பிள்ளைங்க அப்படித்தானே."

கடிப்பானா என்று கேட்டாள். "வேணும்னு கடிக்க மாட்டான்" என்றாள் லொரெய்ன், ஸ்வெட்டர் கையை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டபடி. மகனைக் கடிக்கிறவன் என்று ஒரு அந்நியப் பெண்ணிடம் காட்டிக்கொடுக்க அவளுக்கு நாக்கு புரளவில்லை.

ஹானா பேனாவை மூடி வைத்துவிட்டு, மெதுவாக, ஏறக்குறைய கெஞ்சுகிற குரலில் கேட்டாள். "மிஸஸ் ஆஷ்வொர்த், நல்ல நாளப் பத்தி வேண்டாம். ரொம்ப மோசமான ஒரு நாள் எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்லுங்க."

உண்மையைச் சொல்வதற்கான கதவு திறந்துதான் இருந்தது. இதைவிட அகலமாக யாரும் திறந்துவிட முடியாது. லொரெய்னுக்கு அது நன்றாகவே தெரிந்தது. தொண்டைவரைக்கும் எல்லாம் வந்தது. வந்து, அங்கே ஐவியும் ஐவியின் அம்மாவும் அதற்கு முந்தினவர்களும் வரிசையாக நின்று வழிமறித்தார்கள்.

"சமாளிச்சுக்குவோம்" என்றாள் லொரெய்ன். "எங்களவிட கஷ்டப்படறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. இன்னொரு துண்டு கேக் எடுத்துக்குங்க."

ஹானா கிளம்பி, அவள் கார் தெருமுனை திரும்பியபோது மெஷின் நின்றது. ரோரி எழுந்து வந்து, புதிதாக வெள்ளையடித்த இடத்தில் தலையை மோத ஆரம்பித்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். லொரெய்ன் கெட்டது வாயைத் திறக்காததால்.

பதில் தொலைபேசியில் வந்தது. ஹானாதான் பேசினாள். குடும்பம் நன்றாகச் சமாளிக்கிறது, வீடு ஒழுங்காக இருக்கிறது, பெற்றோர் இருவரும் உறுதியாக இருக்கிறார்கள், ஆகையால் லார்ச்வுட் இரவுகள் அடுத்த மாதத்தோடு நிற்கும் என்றாள். விருப்பம் இருந்தால் மேல்முறையீடு செய்யலாம் என்றும் சொன்னாள். "தயவுசெஞ்சு செய்யுங்க" என்று தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டாள்.

"பரவாயில்ல கண்ணு, உங்க வேலை அது" என்று அவளைத் தேற்றிவிட்டுத்தான் லொரெய்ன் ரிசீவரை வைத்தாள். அப்புறம் அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள்.

கேள்விப்பட்ட டெனீஸ் திட்டிய திட்டை எழுத முடியாது. திட்டி ஓய்ந்தபிறகு, "சரி, நடந்தது நடந்துபோச்சு. மேல்முறையீட்டுல மூணு பேர் உக்காந்திருப்பாங்க. அவங்க முன்னால ஒரே ஒரு உண்மையச் சொல்லு. உனக்கு ரொம்பக் கேவலமா இருக்கிறது எதுவோ, அதச் சொல்லு. அதுதான் வேலை செய்யும்" என்றாள்.

அப்படி ஒன்று லொரெய்னிடம் இருந்தது. கிளைவுக்குக்கூடத் தெரியாது.

போன குளிர்காலத்தில் ரோரிக்குக் காது வலி வந்து, வாரக் கணக்கில் யாரும் தூங்காமல் கிடந்த சமயம். ஒரு மத்தியானம் அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். தெருக்கதவின் மூன்று தாழ்ப்பாளும் திறந்திருந்தன. தபால்காரர் வந்தபோது திறந்தவள் மறுபடி போடவில்லை. ரோரி அந்தக் கதவை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தான். வெளியே லாரிகள் போகிற ரோடு. அவளுக்கு எல்லாம் தெரிந்தது, எழுந்திருக்கவில்லை. எழ முடியவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் உள்ளுக்குள் இன்னொரு குரல், போகட்டுமே என்றது. ரோரி கைப்பிடியைத் தொட்டான். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பி வந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டான்.

அதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

மேல்முறையீடு டவுன் ஹாலில், பழைய மேயர்களின் படங்கள் தொங்கும் அறையில் நடந்தது. கிளைவ் சாவுக்கும் கல்யாணத்துக்கும் கட்டுகிற டையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். ரோரியை டெனீஸ் பார்த்துக்கொண்டாள். எதிரே மூன்று பேர். நடுவில் இருந்தவர் கவுன்சிலர் வொர்ஸ்லி, முன்னாள் பள்ளித் தலைமையாசிரியர், மரியாதையான மனிதர். எழுந்து நின்று கைகொடுத்தார். "வாங்க, வாங்க. எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கோம், ரொம்ப நன்றி" என்றாள் லொரெய்ன். சொன்ன பிறகுதான், ஆரம்பத்திலேயே பாதி வழக்கைத் தோற்றுவிட்டோம் என்று உறைத்தது.

வொர்ஸ்லி பொறுமையாக விளக்கினார். கட்டில்கள் கொஞ்சம், கேட்பவர்கள் அதிகம், பணம் போன வருஷத்தைவிடக் குறைவு. கணவன் இல்லாத பெண்கள் இருக்கிறார்கள், தாங்களே நோயாளிகளான பெற்றோர் இருக்கிறார்கள். "அவங்ககிட்ட இருந்து எடுத்து உங்களுக்குக் குடுக்கணும்னா, என்ன காரணம் சொல்றது? நீங்களே சொல்லுங்க" என்றார். வஞ்சகமாகக் கேட்கவில்லை, அவருக்கும் உண்மையிலேயே தெரியவில்லை.

"இல்லங்க, அவங்களுக்குத்தான் குடுக்கணும்" என்று வாய் தானாகச் சொன்னது லொரெய்னுக்கு. பக்கத்தில் கிளைவும் தலையாட்டினான். இன்னொரு பிள்ளையின் கட்டிலை இழுத்துக்கொள்கிறவள் என்று பெயரெடுக்க யாருக்கு மனசு வரும்? பிறகு அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"சொல்லுங்க."

"போன குளிர்காலத்துல... ஒரு நாள். எங்க தெருக்கதவுத் தாழ்ப்பாள்..."

வொர்ஸ்லிக்கு வலப்பக்கம், குழந்தைகள் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி உட்கார்ந்திருந்தாள். அதுவரை சும்மா இருந்தவள் பேனாவை எடுத்தாள். எடுத்து லொரெய்னை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். தான் சொல்லப்போவது அந்தப் பேனாவின் வழியாக எங்கே போய்ச் சேரும் என்று லொரெய்னுக்குச் சட்டென்று தெரிந்தது. பிள்ளையைப் பாதுகாக்கத் தெரியாத தாய். அவர்கள் இரண்டு இரவு தர மாட்டார்கள். எல்லா இரவையும் எடுத்துக்கொண்டு, எந்த ஊரிலோ, அவன் முனகலுக்கு அர்த்தம் தெரியாதவர்களிடம் அவனை விட்டுவிடுவார்கள். சமாளிக்கிறோம் என்றால் ஒன்றும் கிடையாது. சமாளிக்க முடியவில்லை என்றால் பிள்ளையே கிடையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசகம் இருந்திருக்க வேண்டும், டெனீஸ் மாதிரி ஆட்களுக்கு அது தெரிந்திருக்கும். லொரெய்ன் தேடினாள், கிடைக்கவில்லை.

"தாழ்ப்பாளுக்கு என்ன?" என்றார் வொர்ஸ்லி.

"மாத்த வேண்டியதாப் போச்சு" என்றாள் லொரெய்ன். "துருப்பிடிச்சிருந்துது."

பேனா கீழே இறங்கியது.

முடிவு அன்றைக்கே தெரிந்தது. பழைய தீர்மானமே நிற்கும் என்றார் வொர்ஸ்லி. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, உள்ளம் உருகி, "உங்கள மாதிரி ஒரு குடும்பத்தப் பாக்கறதே எங்களுக்குப் பெருமை. எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா இந்த ஊருக்குக் கவலையே இல்ல" என்றார்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள் லொரெய்ன். எழுந்து, உட்கார்ந்திருந்த நாற்காலியை மேஜைக்குள் ஒழுங்காகத் தள்ளி வைத்தாள். கிளைவும் தன்னுடையதைத் தள்ளி வைத்தான்.

காரில் ஏறி வெகுநேரம் கிளைவ் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் மழை வழிந்தது.

"நன்றி சொன்னேன் கிளைவ். கழுத்த அறுத்தவருக்கு நன்றி சொன்னேன்."

"நானுந்தான் சொன்னேன்" என்றான் அவன்.

அடுத்த மாதம் கடைசித் தடவையாக வேன் வந்து போனது. ஞாயிற்றுக்கிழமை கூட்டிவரப் போனபோது, பெர்னி ரோரியைக் கட்டிக்கொண்டு, "மகாராஜா, நல்லபடியா இருங்க" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ரோரிக்கு இதெல்லாம் யார் சொல்வது, எந்த பாஷையில் சொல்வது?

அதற்கடுத்த மாதம் லார்ச்வுட் வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவனுக்கு எப்படித் தெரிந்ததோ, மத்தியானச் சாப்பாடு ஆனதும் நீலப் பையைக் கொண்டுவந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, கதவுப் பக்கம் நின்றான். நின்றான் என்றால் அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றான். தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் பையைத் தோளில் ஏற்றினான், வண்டி போனதும் இறக்கினான். லொரெய்ன் மெஷினைப் போட்டுப் பார்த்தாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது அவள் முழங்கைக்கு மேலே பல் இறங்கியது. பிறகு கன்னம் வந்து தேய்த்தது.

கிளைவ் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டான். வீட்டில் பாலும் இல்லை, ரொட்டியும் இல்லை. அவனை அந்தக் கதவிலிருந்து நகர்த்த வேறு வழியும் தெரியவில்லை. தாழ்ப்பாள்களைத் திறந்து, கையை இறுகப் பிடித்துக்கொண்டு, தெருக்கோடி சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனாள். பையோடுதான் வந்தான். கதவைத் தாண்டியதே அவனுக்குப் போதுமாக இருந்தது, எங்கோ போகிறோம் என்று முனகிக்கொண்டே வந்தான்.

கல்லாவில் வரிசை. பாலையும் ரொட்டியையும் ஒரு டப்பா பீன்ஸையும் சாமான்களைக் கல்லாவுக்கு நகர்த்தும் ரப்பர் பட்டையில் வைத்தாள் லொரெய்ன். கல்லாவில் இருந்த பெண்ணுக்குப் பத்தொன்பது, இருபது இருக்கும். கடைச் சீருடை, பெர்னியுடையதைப் போலவே கரும்பச்சைச் சட்டை.

ரோரியின் முனகல் நின்றது. அந்தச் சட்டையைப் பார்த்தான். தோளிலிருந்து நீலப் பையை இறக்கி, ரொட்டிக்குப் பின்னால், பட்டையின் மேல் ஜாக்கிரதையாக வைத்தான். பட்டை அதை மெல்ல எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் கைக்குக் கீழே நிறுத்தியது. ரோரி கோட்டுப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான்.

அந்தப் பெண் பையைத் திருப்பித் திருப்பி விலைச்சீட்டைத் தேடினாள். "இது இங்க எடுத்ததா?"

"இல்ல கண்ணு. அவனோடது. உள்ள அவன் ராத்திரி உடுப்பு இருக்கு."

பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது ஊரில் எல்லாரும் சொல்கிறதை அவளும் சொன்னாள். "நீங்க நல்லா இருக்கீங்கல்ல?"

லொரெய்ன் வாயைத் திறந்தாள். வழக்கமான பதில்தான் வர வேண்டும். அன்றைக்கு ஐவி வரவில்லை, யாரும் வரவில்லை.

"இல்ல" என்றாள். "நல்லா இல்ல. எங்களால முடியல."

ஸ்வெட்டர் கையைத் தோள்வரைக்கும் சுருட்டிவிட்டு, பழசும் புதுசுமாக எல்லாத் தழும்புகளையும் பட்டையின் மேல் நீட்டினாள். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் சாக்லெட் அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ இருமினார்கள்.

அந்தப் பெண்ணின் கழுத்து சிவந்துபோனது. அவள் கண்ணிலும் நீர் வந்துவிட்டது. பச்சைச் சட்டைக்காரி பையைத் திறப்பாள் என்று ரோரி காத்துக்கொண்டு நின்றான்.

"மேனேஜரக் கூப்பிடட்டுமா?" என்றாள் அந்தப் பெண்.

"வேண்டாம் கண்ணு" என்றாள் லொரெய்ன். "அவரு என்ன பண்ணுவாரு, பாவம்."